மடியில் இருந்த இரும்பு

எனக்கு எழுத்து தெரியாது. ரேஷன் கடையில் இன்றைக்கும் கைநாட்டுதான். இப்போது படித்தவர்களும் அங்கே மிஷினில் விரல் வைத்துத்தான் அரிசி வாங்குகிறார்கள், அதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் கல்லுக்குள் வடக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரியாது. வரிசையில் நின்றபடி ஒருநாள் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பருப்பு செவ்வாய்க்கிழமைதான் வரும் ஆச்சி என்றார்.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் போனில் எழுதுகிறாள். தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள், எழுத்து ஓடும். என் பேச்சை அப்படியே போட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் மாற்றாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவள் என் மகனின் மனைவி. மகன் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். முன்பெல்லாம் இந்தப் பக்கம் வயலும் பொத்தையுமாக இருக்கும். பொத்தை என்றால் சின்னப் பாறைக்குன்று. இப்போது வயல் எல்லாம் பிளாட்டு, பொத்தை எல்லாம் பள்ளம். மாடியில் ஒரு அறை கட்டிப் போட்டிருக்கிறோம். போன ஆடியில் அந்த அறை கேட்டு ஒரு பெண்பிள்ளை வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம். முதலில் குற்றாலத்தில்தான் தங்கியிருக்கிறது. சாரல் நேரத்தில் குற்றாலத்தில் தங்குகிறவர்கள் குளிக்க வந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடிக்க வந்தவர்களாக இருக்க வேண்டும். இந்தப் பிள்ளை இரண்டும் இல்லை. பக்கத்து அறைக்காரர்கள் விடிய விடிய எண்ணெய் தேய்த்து, பாட்டுப் போட்டு, கதவைத் தட்டி, அது பை முழுக்கக் கல்லோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. அருவியில் ஒருநாள்கூடக் குளிக்கவில்லை என்றது. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது, இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் ஒரு ஆளா என்று.

வந்த அன்றைக்கு என்னைப் பாட்டி என்றது. இங்கே ஆச்சி என்று சொல்ல வேண்டும் என்றேன். "சரிங்க ஆச்சி" என்றது. எல்லாவற்றிலும் ஒரு ங்க. ஊர்ப்பெயரைக் கேட்டதும் அதற்கு ஒரே சிரிப்பு. எதற்குச் சிரிப்பு என்றேன்.

"குத்துக்கல்லு நகராதுங்க. வலசைன்னா இடம் பெயர்ந்து போறது. உங்க ஊரு பேருல கல்லு வலசை போகுது ஆச்சி. நான் படிக்கறதும் அதேதானுங்க."

அறுபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. வேலை சொன்னால் அசையாமல் இருக்கிற ஆளைத்தான் குத்துக்கல்லு மாதிரி இருக்கான் என்று ஏசுவோம். கல் நடக்கும் என்று ஒரு பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும். அன்றைக்கே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

அது படிக்கிற படிப்பைச் சொல்கிறேன். நம் நாடு இருக்கிறதே, இது ஒரு காலத்தில் இங்கே இல்லையாம். ரொம்பத் தெற்கே கிடந்திருக்கிறது. மேற்கே கடலுக்கு அந்தப்பக்கம் மடகாஸ்கர் என்று ஒரு தீவு. அதுவும் நாமும் ஒட்டிக்கொண்டு ஒரே நிலமாக இருந்து, பிறகு பிரிந்திருக்கிறோம். பிரிகிறபோது நிலத்தின் ஓரமெல்லாம் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக அடியிலிருந்து உருகின கல் குழம்பாக மேலே வந்து, அப்படியே ஆறிப் போயிருக்கிறது. ஆறினது கறுப்பாக ஒரு கோடு மாதிரி பாறைக்குள் நிற்கும். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், பாகம் பிரித்தால் நடுவில் சுவர் வரத்தானே செய்யும் என்றார். அந்தப் பிள்ளை அதை நோட்டில் எழுதிக்கொண்டது.

குழம்பு சூடாக இருக்கிறபோது அதிலே பொடிப்பொடியாக இருக்கிற இரும்புக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரியாது. ஆறுகிறபோது எல்லாம் ஒன்றுபோல வடக்கைப் பார்த்துத் திரும்பி, அப்படியே உறைந்துவிடும். பிறகு நிலம் எங்கே போனாலும், எப்படித் திரும்பினாலும், அந்தப் பொடி அன்றைக்குப் பார்த்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அது மூக்கை மேலே தூக்கியிருக்கிறதா, கீழே குனிந்திருக்கிறதா என்று பார்த்தால், கல் ஆறின அன்றைக்கு இந்த ஊர் எவ்வளவு தெற்கே கிடந்தது என்று கணக்காகச் சொல்லிவிடலாமாம். எனக்குக் கேட்கக் கேட்க ஆசை. இதை இலத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னேன், அவள் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அந்தக் கறுப்புக் கோடு. மேற்கே அது பார்த்து வைத்திருந்த இடங்களில் எல்லாம் கல்லை அரைத்து மணலாக்கி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எங்கள் பக்கத்தில் ஒரு கோடு மிச்சம் இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்திருக்கிறது. அதை என் வீட்டுக்காரர்தான் காட்ட முடியும். முப்பது வருடம் குவாரியில் துளை போட்டவர். துளை போடுகிறபோது பறந்த தூசி முழுக்க இப்போது அவர் நெஞ்சில் இருக்கிறது. வாசலில் இருந்து அடுப்படிக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றுகொள்வார்.

அவர் இடத்தைச் சொன்னார். ஊருக்கு மேற்கே இருந்த பொத்தை. மொத்தப் பொத்தையையும் வெட்டி எடுத்துப் பள்ளமாக்கின குவாரிக்காரர்கள் அந்தக் கறுப்பு வரியை மட்டும் தொடவில்லை. பல்லு மாதிரி கெட்டி, துளை போடுகிற பிட்டு தேய்ந்துபோகும், விலையும் போகாது. சுற்றிலும் எடுத்துவிட்டு அதை விட்டுவிட்டார்கள். பள்ளத்துக்கு நடுவில் அது சுவர் மாதிரி தனியாக நிற்கிறது. அவர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும். என் மகன் அதற்கு அடியில்தான் போனான்.

ஆறு வருடம் ஆகிறது. முதல் நாள் வைத்த வெடியில் ஒரு குழி மருந்து வெடிக்காமல் கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவன் அதற்குப் பக்கத்தில் துளை போட, அது வெடித்தது. அவனை நான் முழுசாகப் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை. சாளைமீன் குழம்பு என்றால் உயிரை விடுவான், அன்றைக்கு மத்தியானத்துக்கு அதுதான் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் குவாரியை மூடிவிட்டார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தப் பிள்ளைக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். துளை போடுகிற மிஷினுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், வயலுக்கு மருந்தடிக்கிற டப்பா மாதிரி ஒன்றில். மத்தியானச் சாப்பாடும் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரரால் முடியாது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கல் நடக்கிற கதையைக் கேட்ட ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு வருடமாக அந்த இடத்தைப் பார்க்காமல் இருக்கிறோமே என்பது.

வழிச்சோற்றுக்கு என்ன வைக்க என்று கேட்டேன். மீன் என்றால் ரொம்பப் பிடிக்குங்க என்றது. அன்றைக்குக் கூடையில் வந்தது சாளை. நானாகத் தேடி வாங்கவில்லை. ஆடி மாதம், கடையத்திலிருந்து வருகிற மீன்காரரிடம் வேறு மீன் இல்லை.

கறி, மீன் வெளியே கொண்டுபோனால் கூட ஒரு துண்டு இரும்போ கரியோ வைப்பது எங்கள் வழக்கம். வாசனைக்கு எதுவும் பின்னால் வந்துவிடக் கூடாது. அதிலும் ஆயுசு முடியாமல் போனவர்கள் போன இடத்திலேயே நிற்பார்கள், பசியோடு நிற்பார்கள், தெரிந்தவர்களைக் கண்டால் விட மாட்டார்கள் என்பார்கள். எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புத் துண்டு ஆறு வருடமாகச் சாத்தி இருந்தது. வீட்டுக்காரர் துளை போட்ட ராடில் உடைந்த நுனி, ஒரு சாண் நீளம். மகன் போன மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் சொல்லி வைத்தது. யார் வீட்டுக்குள் வராமல் இருக்க வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதை எடுத்து முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பள்ளத்தில் இறங்கினோம். ஒரு மூலையில் பச்சையாகத் தண்ணீர். நடுவில் அந்தக் கறுப்புச் சுவர், என்னைவிட இரண்டு ஆள் உயரம். ஆள் கையே படாத மாதிரி அப்படியே நின்றது.

வேலை எப்படி என்றால், முதலில் மிஷினால் சுவரில் துளை போடுவது. குழாய் மாதிரி உள்ளே ஓட்டையான பிட்டு, அதனால் விரல் தடிமன் கல் நடுவிலேயே நிற்கும், ஒட்டினபடி. அதை உடைத்து எடுப்பதற்கு முன்னால் மிஷினைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, துளைக்குள் ஒரு பித்தளைக் குழாயை நுழைத்து, அதன் மேல் திசை காட்டுகிற ஊசியை வைத்து, கல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு கல்மேல் ஒரு அம்புக்குறி போட்டு, உடைத்து எடுப்பது. உடைத்து எடுத்த பிறகு கல்லுக்குத் திக்குத் தெரியாது. அந்த அம்புக்குறிதான் எல்லாம். வெயில் அடித்தால் சூரியன் நிழலை வைத்தும் சரிபார்க்கலாமாம். அது சாரல் நேரம், சூரியனை நாங்கள் பார்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அதனால் ஊசி ஒன்றுதான் நம்பிக்கை.

முதல் துளை போட்டதும் அது என்னிடம் கேட்டது.

"ஆச்சி, உங்ககிட்ட இரும்பு ஏதாச்சும் இருக்குங்களா? சாவி, ஊக்கு, போன், எதுவா இருந்தாலும் அங்க வெச்சுட்டு வாங்க. ஊசி அதைப் பாத்துத் திரும்பிரும்."

சாவிக்கொத்தை எடுத்து வைத்தேன். ரவிக்கை ஊக்கைக் கழற்றி வைத்தேன். குடையையும் தூரப் போட்டேன். வளையல் கண்ணாடி. வேறே ஏதாச்சும் என்று கேட்டது.

"இல்ல தாயி" என்றேன்.

தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். தெரிந்துதான் சொன்னேன். நான் நின்ற இடத்திலிருந்து மூன்றடியில் சுவருக்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது, வட்டமாக, கரி பிடித்து. பக்கத்தில் சாளைக் குழம்பு, அலுமினியத் தூக்குவாளியில். அந்த இரும்பை எடுத்து வைத்துவிட்டு என்னால் அங்கே நின்றிருக்க முடியாது.

எட்டுத் துளை போட்டது. தூறல் இல்லாதபோது நான் தண்ணீர் டப்பாவோடு தள்ளி உட்கார்ந்திருந்தேன். தூறல் விழுந்தபோது ஊசி நனையாமல் இருக்க நான் ஒரு பாலித்தீன் தாளைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில், இடுப்பு கிட்டத்தட்ட ஊசியை உரச நின்றேன். எட்டில் நான்குக்குத் தூறல் விழுந்தது.

மத்தியானம் சோறு சாப்பிட்டோம். குழம்பு பிரமாதம் என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது. இந்த இடத்தில் யாராவது இறந்துபோயிருக்கிறார்களா ஆச்சி, கரியா இருக்கே என்று கேட்டது. குவாரின்னா இருக்கும் என்று சொன்னேன்.

அது கல்லை எல்லாம் எடுத்துக்கொண்டு தூரத்து ஊருக்குப் போய்விட்டது, மிஷினில் வைத்துப் பார்க்க. எனக்குப் பொழுது போகவில்லை. என் கல்லு என்ன சொல்லுச்சு என்று போனில் கேட்கச் சொல்லி மருமகளை அரிப்பேன். இன்னும் ஆகலீங்க என்று பதில் வரும். புரட்டாசி கடைசியில் நேரிலேயே வந்து நின்றது. முகம் செத்துப்போயிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டது.

எட்டுக் கல்லில் நான்கு ஒரே பக்கம் பார்க்கிறது, மற்ற நான்கும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறது. ஒரே சுவரில், ஒரே நாளில் ஆறின கல் இப்படிப் பார்க்காதாம். வெடி வைத்ததில் சுவரே அசைந்து நொறுங்கியிருக்க வேண்டும், இந்த இடமே செல்லாது, தூக்கிப் போடு என்று அதனுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். நான்கு கல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேறு கோடும் இல்லை. ஐந்து வருடப் படிப்பு இந்தச் சுவரில் வந்து நிற்கிறது. கடைசியாக ஒரு தடவை சுவர் அசைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறது. அதற்கும் நேரம் இல்லை. அந்தப் பள்ளத்தை யாரோ வாங்கிவிட்டார்கள், இடித்த வீட்டுக் கழிவைக் கொட்டி நிரப்புகிறார்கள், பிளாட்டுப் போட.

வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சுவர் அசையவில்லை, அடித்துச் சொல்வேன் என்றார். அதை அசைக்கிற வெடியை அங்கே யாரும் வைக்கவில்லை. தன் கையால் பக்கத்தில் துளை போட்டவர், அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளை, தாத்தா சொல்வதை எழுத முடியாதுங்களே என்றது.

நான் தோசைக் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றேன். எந்த நான்கு என்று கேட்டேன். நோட்டைப் பார்த்துச் சொன்னது. மழை என்று அதிலேயே எழுதி வைத்திருந்தது. நான்கும் தூறல் விழுந்தபோது எடுத்தது.

கதவுக்குப் பின்னால் போய் அந்தத் துண்டை எடுத்து வந்து அதன் முன்னால் வைத்தேன். "இது எம் மடியில இருந்துச்சு தாயி" என்றேன். 

அது இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தது. பையிலிருந்து ஊசியை எடுத்துத் தரையில் வைத்து, இரும்பைப் பக்கத்தில் கொண்டுபோனது. ஊசி வெடுக்கென்று திரும்பியது. இந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம், நாய் கறித்துண்டைப் பார்க்கிற மாதிரி. பாறையில் அடி வாங்கி வாங்கி ராடே காந்தமாகிவிடுமாம். சும்மா இரும்பாக இருந்தால்கூட இவ்வளவு கெடுத்திருக்காது என்றது. எனக்கு அந்த நேரத்திலும் அந்த ஊசி ஆடுகிறதைப் பார்க்க ஆசையாக இருந்தது. பாவி, அது வேறு.

எதுக்குங்க ஆச்சி வெச்சிருந்தீங்க என்று கேட்டது. நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். இருமல் வந்தது. அது முடிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஏட்டி," என்றார், "நம்ம பயலுக்கா இரும்பு வச்சுட்டுப் போன?"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"அவன் ஒன்ன என்னட்டி செஞ்சிருப்பான்? பசிக்குதுன்னு சொல்லியிருப்பான். அவ்வளவுதான?"

அடுப்பில் தோசை கருகின வாசனை வந்தது. நான் போய் அதைச் சுரண்டினேன். அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. எனக்குப் பின்னால் வந்து நின்றது. கருகின தோசையை வாங்கித் தின்றது.

இதில் எனக்குக் கொஞ்சம் நல்ல காலம் இருந்தது. கல்லை எடுத்துவிட்டாலும் சுவரில் துளை இருக்கும் அல்லவா. புதிதாக எடுக்க வேண்டாம், துளைக்குள் அந்தக் குழாயை மறுபடி நுழைத்து ஊசியை வைத்துப் பார்த்தால் போதும், அன்றைக்குத் தப்பாக எழுதினதைத் திருத்திவிடலாம் என்றது. நான்கு துளையும் வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். கழிவு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று தெரியாது.

மறுநாள் காலையில் போனோம். புரட்டாசி, மீன் கிடையாது. தயிர்ச்சோறு. வழக்கத்துக்குக்கூட இரும்பு வைக்கக் காரணம் இல்லை. கிளம்புகிறபோது என் கை தானாகக் கதவுக்குப் பின்னால் போனது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்காமல் செருப்பை மாட்டினேன். தெருமுனை வரைக்கும் இடுப்பு வெறுமையாக, சேலை அவிழ்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

பள்ளத்தில் ஒரு பாதி நிரம்பியிருந்தது. உடைந்த டைல்ஸ், கக்கூஸ் பீங்கான், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற சிமென்ட். கறுப்புச் சுவர்ப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒரு ஜேசிபி குப்பையைத் தள்ளிச் சமப்படுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை போய், வண்டியைக் கொஞ்சம் தூரம் எடுங்க, திசை பாக்கணும் என்றது. ஓட்டுகிறவன் என்னைப் பார்த்தான்.

"ஆச்சி, ஒரு ஊசி பாக்க ஜேசிபிய நவுத்தணுமாம்லா. இது எந்த ஊரு நாயம்?"

"எலே, அந்தச் சொவரு கடலுக்கு அந்தாண்ட இருந்து வந்துருக்கு. ஒன் வண்டி அந்த மேட்டு வரைக்கும் போகாதோ?"

என்ன நினைத்தானோ, நகர்த்தினான். மேட்டில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

ஒரு துளை புதைந்துபோயிருந்தது. நான் குப்பையைக் கையால் விலக்கிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மீதி மூன்றும் இருந்தன. அன்றைக்கு வெயில். கம்பி நீட்டின சிமென்ட்டை எல்லாம் இரண்டு பேருமாக இழுத்துத் தூரப் போட்டுவிட்டு, ஊசியிலும் பார்த்தது, சூரியன் நிழலிலும் பார்த்தது, இரண்டும் ஒன்றுபோலச் சொல்லியது. முன்பு எழுதினதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம் என்றது.  எழுதினதை மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தது.

அது எழுதிக்கொண்டிருந்தபோது நான் சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். கரி பிடித்த பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. கழிவுக்கு அடியில், இடுப்பு ஆழத்தில் இருக்கும். அதற்கு நேர் மேலே என்று நானாக ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் இரும்பு இல்லை. கரி இல்லை. வேப்பிலைகூட இல்லை. வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்தேன். சோற்றுத் தூக்கைத் திறந்தும் வைத்தேன். ஈ வந்தது. வேறொன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜேசிபிக்காரன் டீ குடித்துவிட்டு வந்து ஹாரன் அடித்தான்.

கார்த்திகையில் அந்தப் பிள்ளை போன் போட்டது. "ஏழும் ஒரே பக்கம் பாக்குதுங்க ஆச்சி" என்றது. பேராசிரியர் ஒத்துக்கொண்டாராம். கல் ஆறின அன்றைக்கு நம் ஊர் ரொம்பத் தெற்கே இருந்திருக்கிறது, அந்தத் தீவோடு சேர்த்துப் பார்த்தால் பொருந்துகிறது என்று சொன்னது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அன்றைக்கே தெருவில் நான்கு வீட்டில் போய்ச் சொன்னேன். நம்ம குத்துக்கல்வலசை கடல்ல இருந்து நடந்து வந்துருக்குட்டி என்றேன். ஒருத்தி, அதுக்குத்தான் இங்கன தண்ணி உப்பா இருக்கா என்று கேட்டாள்.

அந்தப் பள்ளம் இப்போது முழுக்க மூடிவிட்டது. சுவர் தெரியவில்லை. கல் நட்டுக் கயிறு கட்டிப் பிளாட்டுப் பிரித்திருக்கிறார்கள். யாராவது அஸ்திவாரம் தோண்டினால் அந்தக் கறுப்புக்கல் தட்டும், இது என்ன சனியன் என்று ஏசுவார்கள்.

அந்த இரும்பை நான் எதற்கு மடியில் வைத்துக்கொண்டு போனேன் என்று மருமகளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். இங்கே வந்ததும் எழுதுகிறதை நிறுத்திவிட்டாள். எழுது, நான் ஒங்க மாமா கிட்டே சொல்லாததை எல்லாம் உங்கிட்டே சொல்லுதேன் என்றேன். "எழுதுதேன் அத்த, சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஒன்றுதான் மிச்சம். பள்ளத்துக்குப் போய் வந்த மறுநாள் காலையில் வாசல் பெருக்கக் கதவைத் திறந்தபோது பின்னால் அந்த இரும்பு இல்லை. தேடினேன். கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம், வேலியோரமாகக் கிடந்தது. அங்கே வரைக்கும் நடக்க அவர் எத்தனை தடவை நின்று மூச்சு வாங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வாசலில் இப்போது எதுவும் இல்லை.